தகடும் நரம்பும்

தோப்புக்குள் தேங்காய் ஒன்று விழுந்தது. புறவாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த குழல்வாய்மொழி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். முன்பெல்லாம் தேங்காய் விழுந்தால் தரை அதிரும். இப்போது மெத்தையில் விழுந்தது போல அமுங்கிய சத்தம்தான். புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. விழுந்த காயை எடுக்க யாரும் போகவில்லை. அவளும் போகவில்லை. களைந்த தண்ணீரை வாழை மூட்டில் ஊற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

இலஞ்சியில் அந்த மூன்று ஏக்கர் தோப்புக்கு, அவள் கணவர் நெல்லையப்ப பிள்ளை இருந்த காலம் தொட்டே, புல்லறுக்கக் கூலி என்று ஒன்று இருந்ததில்லை. வள்ளித்தாயும் இன்னும் நாலு பெண்களும் விடிந்ததும் அரிவாளோடு வருவார்கள். ஆளுக்கு ஒரு கட்டு அறுத்துத் தங்கள் மாட்டுக்குக் கொண்டுபோவார்கள். அவர்கள் மாடு வயிறு நிறையும், இவள் தோப்பு சுத்தமாகும். போன ஐப்பசியில் அந்த ஐந்து பேரில் இளையவளான சந்தனமாரியை ஒரு கண்ணாடி விரியன் கடித்தது. மறுநாளிலிருந்து ஒருத்தியும் தோப்பில் கால் வைக்கவில்லை. மரம் ஏறுகிறவர்களும் வர மறுத்தார்கள்.

சந்தனமாரி பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் கிடந்து பிழைத்தாள். ஆனால் வலது கெண்டைக்கால் சதை அழுகி, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டவேண்டியதாயிற்று. கணுக்கால் விறைத்து, குந்தி உட்கார முடியாமல் போனது. புருஷன் புனலூர்ப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போனவன், நினைத்தால் வருவான். இரண்டு பெண் பிள்ளைகள். மாசி மாதம் ஒரு காலை அவள் புறவாசலில் வந்து நின்றாள். முழுப் பாரத்தையும் இடது காலில் வைத்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சி, நின்னுக்கிட்டே செய்யுத வேலை எதாவது இருந்தாச் சொல்லுங்க. குத்தவைக்க மட்டும் முடியல."

குழல்வாய்மொழி யோசித்துப் பார்த்தாள். பாத்திரம் தேய்ப்பது, ஆட்டுரலில் அரைப்பது, புடைப்பது, சாணி தட்டுவது, நடவு, களை. ஒரு வாரம் யோசித்தும் குத்தவைக்காமல் ஒரு பெண் செய்கிற வேலை அந்த ஊரில் அவளுக்குத் தட்டுப்படவில்லை. தினமும் காலையில் வந்து வாசல் தெளித்துப் பூ பறித்துத் தரச் சொன்னாள். அது வேலையே இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

குழல்வாய்மொழி தனக்கு மட்டும் தெரிந்ததாக நினைத்திருந்த ஒன்றும் உண்டு. பாம்பு கடித்த அன்று சந்தனமாரி புல்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவள்தான். இவள்தான் கூப்பிட்டு, "தெக்கு மூலை மரத்துக்கடியில ஒரு நாலு காய் கெடக்கும், எடுத்துப் போட்டுட்டுப் போ" என்றாள். நாலு காய். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிச் செலவையெல்லாம் அவளே ஏற்றபோது, "மைனிக்கு இரக்க குணம்" என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தான் கொழுந்தன் சிவசுப்பிரமணியன். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

புல்வெட்ட மிசின் வாங்கும் யோசனையைக் கொண்டுவந்ததும் சிவசுப்பிரமணியன்தான். தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தான். அண்ணன் போன பிறகு தோப்பையும் வயலையும் அவன்தான் மேற்பார்த்தான். செங்கோட்டைக்கு அப்பால் ஒரு எஸ்டேட்டில் பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி மிசினைப் பார்த்துவிட்டு வந்து, தென்காசியில் புதிதாகத் திறந்த இஞ்சின் கடையில் விசாரித்திருந்தான். 'பலராம்' என்று பெயர். நீளக் குழாயின் ஒரு முனையில் இஞ்சின், மறுமுனையில் பல்லுப்பல்லான வட்டத் தகடு. குழல்வாய்மொழி தலையாட்டினாள். ஆனால் கிணற்று மோட்டாரைப் பழுதுபார்க்க வந்த மூசாவிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தாள். மூசா தென்காசியில் பத்து வருஷமாகப் பம்புசெட் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன். இஞ்சின் விஷயத்தில் அவன் வாயிலிருந்து பொய் வந்து அவள் கேட்டதில்லை.

"பலராம் நல்ல உழைப்பாளிதான் ஆச்சி. ஆனா என் மச்சான் மஸ்கட்டுல இருந்து ஒண்ணு கொண்டாந்து போட்ருக்கான், ஹொஷிமான்னு சப்பான் மிசின். தகடே கெடையாது. நைலான் நரம்பு சுத்தி வெட்டும். ரெண்டையும் ஓட்டிப் பாருங்க, பொறவு முடிவு பண்ணுங்க" என்றான்.

ஆனி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மிசினும் வந்தன. மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. சாரல் இன்னும் இலஞ்சி வரை வரவில்லை. ஊரில் டிராக்டர் ஓட்டும் இசக்கிப்பாண்டியை ஓட்டிக்காட்ட அழைத்திருந்தார்கள். வள்ளித்தாயும் மற்ற மூன்று பெண்களும் சுவரோரம் வந்து நின்றார்கள். சந்தனமாரி கொஞ்சம் தள்ளி, தனியாக.

முதலில் பலராம். கயிற்றைச் சுண்டியதும் தோப்பே நடுங்குவது போல உறுமியது. இசக்கிப்பாண்டி இடமும் வலமுமாக வீச, இடுப்பளவுப் புல் வேரோரம் அறுந்து, ஒரே பக்கமாகச் சாய்ந்து, அரிவாளால் அறுத்து அடுக்கியது போலவே படுத்தது. வள்ளித்தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் ஒரு கை அள்ளி, நுனியையும் அடியையும் பார்த்து, "கட்டு கட்டலாம்ட்டி!" என்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் அந்தப் புல்லைத் தொடுகிறாள்.

அடுத்த நிமிஷம் புல்லுக்குள் புதைந்து கிடந்த கல்லில் தகடு மோதியது. தீப்பொறி பறந்தது. கல் சில்லு ஒன்று விர்ரென்று போய், பெண்கள் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளிச் சுவரில் அடித்துக் காரையைப் பெயர்த்தது. இசக்கிப்பாண்டி இஞ்சினை அணைத்தான்.

"கல்லைப் பொறக்கிட்டுத்தான் ஓட்டணும்" என்றான் பலராமைக் கொண்டுவந்திருந்த இஞ்சின் கடைக்காரன்.

"பொறக்குததுக்குப் புல்லுக்குள்ள யாரு எறங்குவா?" என்றாள் குழல்வாய்மொழி.

ஹொஷிமா பாதி எடைதான் இருக்கும். சத்தமும் வண்டு இரைவது போல மெல்லியது. கல்லில் பட்டால் நரம்பின் நுனி தேய்ந்ததே தவிர ஒன்றும் தெறிக்கவில்லை. ஆனால் புல்லை அது அறுக்கவில்லை, சிதைத்தது. இசக்கிப்பாண்டியின் சட்டை, மீசை எல்லாம் பச்சைத் தூறல். அவன் போன வழியில் தரை தெரிந்தது. அதன்மேல் மசித்த கீரை போல ஒரு படலம். வள்ளித்தாய் குனிந்து அதை விரலால் வழித்துப் பார்த்தாள்.

"இதை மாடு திங்குமா ஆச்சி?"

யாரும் பதில் சொல்வதற்குள் சந்தனமாரி முன்னால் வந்தாள். "நான் ஒரு தடவ பிடிச்சுப் பாக்கட்டா?"

இசக்கிப்பாண்டி சிரித்தான். சிவசுப்பிரமணியனும் சிரித்தான். மூசா சிரிக்கவில்லை, வாரை எடுத்து அவள் தோளில் மாட்டி, அளவு குறைத்துக் கொடுத்தான். முதலில் பலராமைத்தான் கேட்டாள். பாரம் அவளை வலது பக்கமே இழுத்தது. நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவதில் கால் மடங்கப் பார்த்தது. இறக்கி வைத்தாள். பிறகு ஹொஷிமா. கொஞ்சம் தடுமாறினாள். நடையைத் தேடுகிறவள் போலிருந்தது. சட்டென்று கண்டுபிடித்துவிட்டாள். இடது காலை ஊன்றி, இடுப்பை மட்டும் திருப்பி வீசினாள். வலது காலை மெல்லப் பின்னாலேயே இழுத்துக்கொண்டாள். அவள் எங்கே போகிறாள் என்று குழல்வாய்மொழிக்குப் பாதியில்தான் புரிந்தது. தெற்கு மூலை. அந்த நாலு காய் கிடந்த இடம். இரண்டு எட்டு முன்னால் வைத்து நின்றுவிட்டாள். சந்தனமாரி அந்த மரத்தைச் சுற்றி வட்டமாக வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு மிசினை அணைத்தாள். முகமெல்லாம் புல் துணுக்கு.

"நின்னுக்கிட்டே செய்யலாம் ஆச்சி" என்றாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் சிவசுப்பிரமணியன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னான்: "மைனி, பலராம்தான் தோது. சாமான் தென்காசியிலயே கெடைக்கும். மாசம் ரெண்டு நாள் இசக்கிப்பாண்டி வந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போறான். அந்தச் சப்பான் மிசின் நின்னு போச்சுன்னா மஸ்கட்டுக்கா தூக்கிட்டுப் போறது? அதுவும் நொண்டிக் காலோட ஒரு பொம்பள மிசின் ஓட்டுதான்னா ஊரு சிரிக்கும்."

அவன் சொன்னதில் பாதி நியாயம் என்று அவளுக்குத் தெரியும். அவன் போன பிறகு வள்ளித்தாய் வந்தாள். அவள் சொன்னதில் முக்கால் நியாயம் இருந்தது.

"இருவது வருசமா இந்தத் தோப்புப் புல்லுதான் எங்க வீட்டு மாட்டுக்கு. ஏழு மாசமா வைக்கோல் வாங்கிப் போட்டு முடியல. நானும் அவளும் ஒண்ணாத்தான் அறுத்தோம், அவ மேல எனக்கென்ன பகையா? ஒருத்தி காலுக்காவ நாலு வீட்டு மாட்டைப் பட்டினி போடுவியளா ஆச்சி?"

குழல்வாய்மொழியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொல்லுகிறேன் என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வாரமும் இரண்டு மிசின்களும் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து நின்றன. போகும்போதும் வரும்போதும் அவற்றைப் பார்த்தாள். ஒன்றைத் தொட்டால் வள்ளித்தாய், மற்றதைத் தொட்டால் சந்தனமாரி. தகடுதான் புத்திசாலித்தனம் என்று ஒருநாள் தோன்றும். மறுநாள் சந்தனமாரி வாசல் தெளிக்க வருவாள்; குனிய முடியாமல், வாளியை உயர்த்திப் பிடித்து நின்றபடியே தண்ணீரை விசிறுவாள்; பாதி அவள் காலிலேயே விழும்.

வெள்ளிக்கிழமை அவளே சந்தனமாரியின் வீட்டுக்குப் போனாள். அந்தத் தெருவுக்குள் அவள் அதுவரை போனதே இல்லை. சந்தனமாரி பதறிப்போய் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தான் நிலையில் சாய்ந்து நின்றாள். குழல்வாய்மொழி உட்காராமலே, வந்த வேகத்திலேயே சொன்னாள்:

"அன்னைக்கு ஒன்ன காய் பொறக்கச் சொன்னது நான்தான். அதை நான் யாருட்டயும் சொல்லல."

சந்தனமாரி அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "என்ன ஆச்சி இது, எனக்குத் தெரியாதா? எங்காதுலதான சொன்னிய. நீங்க சொல்லித்தான போனேன்."

"நீ யாருட்டயும் சொல்லலையே."

"சொன்னா மட்டும் கால் நேராயிருமா?" என்றாள் சந்தனமாரி. கோபமாகச் சொல்லவில்லை, இதமாகவும் சொல்லவில்லை. நிலையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "அதுக்காவ மிசின் வாங்காதிய ஆச்சி. பாவம் பாத்து வாங்கினா, பாவம் தீந்ததும் தூக்கி மூலையில போட்ருவிய. நான் நல்லா ஓட்டுதேனா இல்லையா, அதைப் பாத்து வாங்குங்க" என்றாள்.

குழல்வாய்மொழி அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இசக்கிப்பாண்டியை விட நல்லாத்தான் ஓட்டுத" என்றாள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. அவன் மரமூட்டில் இரண்டு இடத்தில் பட்டையை உரித்திருந்தான். இவள் ஒரு மரத்தையும் தொடவில்லை.

பலராமைக் கடைக்காரன் வந்து எடுத்துப் போனான். சிவசுப்பிரமணியன் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. வள்ளித்தாயிடம் தானே போய்ச் சொல்லவேண்டும் என்று குழல்வாய்மொழிக்குத் தோன்றியது, போனாள். தோப்பை ஒட்டிய வாய்க்கால் கரை நெடுக மிசின் வராது, அந்தப் புல் முழுவதும் உங்களுக்குத்தான், அங்கே புல் முழங்காலுக்குக் கீழேதான், பூச்சி பொட்டு இருந்தால் கண்ணுக்குத் தெரியும் என்றாள். எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வள்ளித்தாய் திரும்பாமலே கேட்டுவிட்டு, "பாப்போம் ஆச்சி" என்றாள்.

மற்ற மூன்று பேரும் பத்து நாளில் வந்துவிட்டார்கள். வள்ளித்தாய் வரவில்லை. வாய்க்கால் கரைப் புல் நாலு வீட்டுக்குப் போதாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆடி பிறப்பதற்குள் ஒரு எருமையை விற்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது குழல்வாய்மொழி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் குற்றாலம் சாலையில் பஸ்ஸிலிருந்து பார்த்தாள்: தலையில் பெரிய புல்கட்டோடு வள்ளித்தாய் ஓரமாக நடந்து வந்தாள். எங்கிருந்து அறுத்தாளோ, ஈரம் சொட்டியது. பஸ் கடந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தது போலத்தான் இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மிசினும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் வாரமே கூடவந்த நரம்பு தீர்ந்துபோனது. சிவசுப்பிரமணியன் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மூசா தூத்துக்குடியிலிருந்து மீன் தூண்டிலுக்குக் கட்டும் தடித்த தங்கூசி நரம்பு ஒரு சுருள் வாங்கி வந்து சுற்றிக் கொடுத்தான். ஒரிஜினலை விட நன்றாகவே வெட்டியது. பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவை சந்தனமாரி ஒரு பழைய டானிக் பாட்டிலில் கோடு போட்டு வைத்துக்கொண்டாள். பக்கத்துத் தோப்புக்காரர்கள் இரண்டு பேர், முதலில் சிரித்தவர்கள்தான், தங்கள் தோப்புக்கும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். "ஆச்சி மிசினு, ஆச்சியக் கேட்டுத்தான் வருவேன்" என்று சொல்லியிருக்கிறாள். குழல்வாய்மொழி போகச் சொன்னாள்.

ஆடி நடுவில் ஒரு காலை, சாரல் இலஞ்சி வரை வந்தது. மழை என்று சொல்ல முடியாது. காற்றோடு கலந்த ஈரம், கைமயிரில் மட்டும் தெரிவது. சந்தனமாரி ஆறு மணிக்கே இறங்கியிருந்தாள். குழல்வாய்மொழி காப்பி ஆற்றிக்கொண்டு புறவாசலில் வந்து நின்று கூப்பிட்டாள். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். அந்த முதுகு திரும்பவில்லை. இடது காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அடுத்த வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தது. குழல்வாய்மொழி படியிறங்கினாள். வெட்டிய புல் செருப்பில் ஒட்டி வழுக்கியது. கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். ஏழெட்டு அடி பின்னால், நரம்பு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டாள். வரிசை முடிய இன்னும் நாலு மரம் இருந்தது. டம்ளருக்குள் சாரல் விழாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அவள் திரும்புவதற்காகக் காத்திருந்தாள்.