மூடாத கோடு

எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றாவது வரிக்கு டிக் போட்டுவிட்டுச் செக்கர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். இன்னும் பத்தே வரி. முன்னறையில், வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் மனைவி கண்களை மூடிக் கிடந்தாள். இன்றைக்கு அல்லது நாளைக்கு என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாசலில் குனிந்து ஷூவைக் கட்டிக்கொண்டே, யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"முடிச்சிட்டீங்களாப்பா?" என்று கேட்டபடி மகள் சூப் கிண்ணத்தோடு வந்தாள்.

"அவசரப்படுத்தாதே."

"நான் அவசரப்படுத்தலை. அம்மா பண்றாங்க."

செக்கர் முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் கோடு போட்ட டிக்கெட்டுகளை ஒட்டிக்கொண்டே போனால் நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். வரும் வழியில் யாரிடமாவது டிக்கெட் இல்லை என்றால் நடு ஆகாயத்தில் இறக்கியும் விட்டிருப்பார். தன் கல்யாணத்துக்கு வந்துகொண்டிருந்த சொந்தச் சித்தப்பாவையே நடுவழியில் இறக்கிவிட்ட மனிதர். சித்தப்பா இன்னும் அந்த ஸ்டேஷனில்தான் நிற்கிறார் என்று வீட்டில் பேச்சு.

மனைவியைக் கண்டுபிடித்ததும் ரயிலில்தான். டிக்கெட் கேட்டதற்கு அந்தப் பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "டிக்கெட் இல்லாதவங்க இந்த வண்டியில இருக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கீங்க. நான் இருக்கேன். அப்போ ஒண்ணு, என்கிட்ட டிக்கெட் இருக்கு. இல்லேன்னா, போர்டை யாரும் மதிக்கிறதில்லை. ரெண்டுல எது?"

"முதல்ல சொன்னதைக் காட்டுங்க," என்றார் செக்கர்.

இரண்டு ஸ்டேஷன் கழித்து டிக்கெட் அவள் புத்தகத்திலேயே பக்க அடையாளமாக இருந்தது தெரிந்தது. அதற்குள் அவருக்கு இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருந்தது.

அவள் கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்தாள். எதையும் நிரூபிப்பது என்றால் என்ன, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போக யார் அனுமதி கொடுத்தது என்று கேட்கிற படிப்பு. மற்ற கணிதக்காரர்கள் நிரூபணத்தின் நடுவில் 'இதை எளிதில் காணலாம்' என்று ஒரு வரி போட்டு ஆற்றைத் தாண்டிவிடுவார்கள். "எளிதில் காணலாம்னு எழுதினவன் காணலைன்னு அர்த்தம்," என்பாள் அவள். அவளுடைய நிரூபணத்தில் தாவல் கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் எண். வலது ஓரத்தில் காரணம்: இந்த வரியும் அந்த வரியும் சேர்ந்து, இந்த விதிப்படி. மொத்த விதிகளே ஏழுதான். அதை ஒரு அட்டையில் எழுதி அவர் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒட்டிக் கொடுத்திருந்தாள்.

சரிபார்க்க அவள் தேர்ந்தெடுத்த ஆள் செக்கர்.

"எனக்கு ஒண்ணும் புரியாதே," என்றார் அவர், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால்.

"அதுக்குத்தான் நீங்க வேணும். அர்த்தம் தெரிஞ்சவன் தப்பைப் பார்த்தா, சரியாத்தான் எழுதியிருப்பாங்கன்னு தாவிடுவான். நீங்க தாவ மாட்டீங்க. ரயில்ல எங்க போறீங்க, எதுக்குப் போறீங்கன்னா கேட்டீங்க? டிக்கெட்டை மட்டும்தானே பார்த்தீங்க?"

"அப்போ இது எதைப் பத்தின்னு எனக்கு எப்பத்தான் தெரியும்?"

"கடைசி டிக் விழட்டும். அன்னிக்குச் சொல்றேன்."

அன்றிலிருந்து மேஜையின் இரண்டு பக்கத்திலும் இருவர். அங்கே உட்கார்ந்தால் அவர் அவளை 'மேடம்' என்பார். எழுந்தால் பழையபடி 'நீ'. குறிகளுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்தார். தலைகீழாய் நின்ற எழுத்து கரணம். திரும்பி நின்ற எழுத்து சீப்பு. வளைந்து தொங்கியது தூண்டில். "மேடம், முந்நூத்தி ஆறுல கரணத்துக்கு அப்புறம் சீப்பு வருது, மேல இருக்கிறதுல அப்படி இல்லையே" என்பார். அவள் அடித்துத் திருத்துவாள். அடித்துத் திருத்தி எரித்த காகிதத்தில் ஊருக்கே ஒரு குளிர்காலம் ஓட்டியிருக்கலாம். அதனால்தான் தொள்ளாயிரத்து மூன்று வரிக்கு இருபத்திரண்டு வருடம்.

சில வரிகளை எழுதிவிட்டு அவள் தனியாகச் சிரிப்பாள். கல்யாண வீட்டுக்குள்ளிருந்து கேட்கிற சிரிப்பு மாதிரி இருக்கும். செக்கர் வெளியே செருப்புகளுக்குக் காவல் நிற்பவரைப் போல எதிரே உட்கார்ந்திருப்பார். எல்லா வரியும் அவருக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பி நானூற்றுப் பதினெட்டு என்றால் சொல்லுவார். வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பது மட்டும் தெரியாது. கேட்டுவிடலாமா என்று எத்தனையோ தடவை நாக்கு நுனி வரை வரும். 'கடைசி டிக் விழட்டும்' என்று அவள் சொன்னதை நினைத்து விழுங்கிவிடுவார்.

இப்போது பத்து வரி.

அவர் எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கைப் பார்த்தார். ஓரத்தில் காரணம்: அறுநூற்று நாற்பது, எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று, விதி ஒன்று. பழைய பக்கத்தைப் புரட்டி அறுநூற்று நாற்பதை எடுத்தார். அதன் இடது பக்கம் ஒரு நெட்டுக் கோடு ஓடியது.

அந்தக் கோடு என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும். 'ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்' என்று அவள் ஆரம்பிக்கும் இடத்தில் கோடு தொடங்கும். அந்தப் பேச்சு முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி போட்டு மூடுவாள். கோட்டுக்குள் இருப்பதெல்லாம் அந்தப் பேச்சுக்கு உட்பட்டது. மூடாமல் வெளியே எடுத்து வரக்கூடாது. இந்தக் கோடு அறுநூற்றுப் பதினொன்றில் தொடங்கியது. பக்கத்தின் அடி வரை வந்தது. அங்கே கொக்கி இல்லை. அடுத்த பக்கத்தில் கோடே இல்லை.

அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அவளை முதன்முதலாக ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள். எழுதிக்கொண்டிருந்த தாளை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். அவர் அதைக் கையோடு எடுத்துப் போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தார். பின்னால் மூடுவாள் என்று விட்டார். அவள் திரும்பி வந்து புதுப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கினாள். இரண்டு பேரும் மறந்து போனார்கள்.

"என்னப்பா?" என்றாள் மகள்.

அவர் காட்டினார். மகளுக்குக் கோடு புரியவில்லை. அப்பாவின் முகம் புரிந்தது.

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"மூடுமா மூடாதான்னே தெரியாது. மூடலைன்னா பின்னாடி வர்ற அத்தனையும் போச்சு."

மகள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்பா, பத்து டிக். பத்து நொடி. போட்டுட்டுப் போய்ச் சொல்லுங்க, முடிஞ்சதுன்னு. அம்மா நிம்மதியா இருப்பாங்க. உங்களுக்கும் சொல்லிடுவாங்க. இத்தனை வருஷம் நீங்க காத்திருந்தது எனக்குத் தெரியாதா?"

செக்கர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எடுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தார். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம்."

அவள் கண்ணைத் திறந்தாள். "ம்... முடிஞ்சுதா செக்கர்?"

"எண்ணூத்தித் தொண்ணூத்தி நாலு. நீங்க அறுநூத்தி நாற்பதைக் கூப்பிட்டிருக்கீங்க. அது கோட்டுக்குள்ள இருக்கு."

"மூடியிருப்பேனே."

"மூடலை."

"காட்டுங்க."

அவர் தாளை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவள் பார்த்தாள். ஒரு ரயில் முழுக்கப் பரிசோதித்து முடிக்கிற நேரம் பார்த்த மாதிரி அவருக்கு இருந்தது. திட்டுவாள், அல்லது அழுவாள் என்று அவர் பயந்தார். அவள் உதடு ஓரமாக விரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு."

"ஆமா. நானும் விட்டுட்டேன்."

"இப்ப பிடிச்சிட்டீங்களே!" அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரில் நனைத்த பஞ்சை உதட்டில் வைத்து, ஒருவழியாக அடங்கியது. "துறையில இருபது பேர் இருந்தானுங்க. ஒருத்தன் பிடிச்சிருக்க மாட்டான். பென்சிலைக் குடுங்க."

கொடுத்தார். விரல்களுக்கு நடுவே அது நிற்கவில்லை. போர்வை மேல் விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"மூடுமா?" என்றார் செக்கர்.

"யோசிக்கணும்."

அவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். 'மேடம்' போய்விட்டது. "அதை அப்புறம் பார்த்துக்கலாம். இது எதைப் பத்தின்னு இப்பவே எனக்குச் சொல்லிடேன். சும்மா, காதுல."

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். ரயிலில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே பார்த்த அதே போக்கிரிப் பார்வை.

"சொல்லிட்டா, அப்புறம் யாரு செக் பண்றது?"

அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நெற்றியில் அந்த ஒற்றைக் கோடு விழுந்தது. அவள் யோசிக்கும்போது விழுகிற கோடு. அது விழுந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது. தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். ஒரு தடவை அடுப்பில் துணி பற்றிக்கொண்டபோதுகூடச் செக்கர் சத்தம் போடாமல் நுனிக்காலில் நடந்து போய் அணைத்துவிட்டு வந்தார்.

எனவே அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெயில் கட்டில் காலிலிருந்து சுவருக்கு நகர்ந்தது. வெளியே யாரோ சைக்கிள் மணியடித்தபோது அவர் ஜன்னல் பக்கம் முறைத்தார். கால் மரத்துப்போயிற்று. நெற்றிக் கோடு மெல்லத் தளர்ந்து மறைந்தது. விடை கிடைத்துவிட்டது போல இருக்கிறது, இதோ இப்போது கண்ணைத் திறப்பாள் என்று நினைத்து, மூச்சைக்கூட அடக்கி வைத்துக்கொண்டார்.

மகள் வந்து கதவருகில் நின்றாள். அவர் உதட்டில் விரலை வைத்து, பேசாதே என்று சைகை காட்டினார்.

மகள் கட்டிலைப் பார்த்தாள். நடந்து வந்தாள். அம்மாவின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். பிறகு அப்பாவின் உதட்டின் மேலிருந்த விரலைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து, அவளுடைய பழைய துறைத் தலைவர் வந்தார். பெரிய உருவம், படி ஏறியபோது வீடு ஒரு பக்கம் சாய்ந்தது. உயிரோடு இருந்தவரை அந்தம்மா முன்னால் 'ஆகவே' என்று சொல்லவே பயந்த மனிதர். தாள்களைக் கேட்டு வாங்கினார். அவள் நாற்காலியைப் பார்த்தார், தயங்கினார், எதிரே இருந்த செக்கரின் நாற்காலியில் உட்கார்ந்தார். செக்கருக்கு வேறு இடமில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

துறைத் தலைவர் ஒரு மணி நேரம் படித்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"மூடுமா சார்?" என்றார் செக்கர்.

"மூடலாம்னுதான் தோணுது. ஆனா, தோணுதுன்னு சொன்னா அம்மா அடிப்பாங்க. முயற்சி பண்றேன். ஒரு மாசமாகும்."

"அதுவரைக்கும் இதெல்லாம் பொய்யா?"

"ச்சே, பொய் இல்ல. அவங்க ஒரு பேச்சுக்கு எதை வச்சுக்கிட்டாங்களோ, அது இருக்கிற வரைக்கும் அத்தனையும் உண்மை." அவர் தாளைத் தட்டினார். "ரொம்ப அழகான விஷயம் சார் இது. உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்களே? சொல்லட்டுமா? ரெண்டே வாக்கியம்."

செக்கர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எழுதுற புது வரிகளை யார் பார்க்கிறது?"

"யாரையாவது பார்க்கச் சொல்லணும்."

"அப்போ வேணாம் சார். எழுதிக் குடுங்க. நான் பார்க்கிறேன்."

துறைத் தலைவர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கினார்.

செய்வதற்கு ஒன்றுமில்லாமல் செக்கர் தலையைத் தூக்கினார். இப்படித்தான் அவளும் வரிக்கும் வரிக்கும் நடுவில் தலையைத் தூக்கி, நேராகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறாள் என்றுதான் அவர் எப்போதும் நினைத்தார். மறைக்க வேண்டாமே என்று ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவார்.

இங்கிருந்து பார்த்தால் புத்தக அலமாரி ஜன்னலை முழுக்க மறைத்தது. தெருவில் ஒரு விரற்கடைகூடத் தெரியவில்லை. பார்ப்பதற்கு எதிரே அவர் உட்காரும் நாற்காலி மட்டும்தான் இருந்தது.

"சார், ஒரு நிமிஷம் எந்திரிக்கிறீங்களா?"

துறைத் தலைவர் ஏன் என்று கேட்காமல் எழுந்து, தாளோடு ஒதுங்கி நின்றார். காலி நாற்காலியின் உயரமான முதுகில், நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக, அவர் தலை பட்டுப் பட்டு உள்ளங்கையளவு ரெக்சின் வெளுத்திருந்தது.