உண்ணாமலை பார்த்த வேலை

எண்பத்தொன்றாம் வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, வாத்தியார் என்றால் இளிச்சவாயன் என்று நினைத்து, என் கையில் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தறிக்காரத் தெருவில் விட்டுவிட்டார்கள். அறுபது வீடு. மாசி வெயில். வீட்டுக்கு வீடு தறி அடிக்கிற சத்தத்தில் நான் கேட்பது அவர்களுக்கு விளங்காது, அவர்கள் சொல்வது எனக்கு விளங்காது. காலையிலிருந்தே எனக்கு எரிச்சல்.

பதினெட்டாவது வீடு பழனிவேலுடையது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வேட்டி நெய்துகொண்டிருந்தான். இரண்டடி தள்ளி அவன் மனைவி உண்ணாமலை ராட்டையைச் சுழற்றித் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தார் என்பது சின்னக் குச்சியில் சுற்றிய நூல். அதை நாடா என்கிற மரக்கூட்டுக்குள் போட்டுத்தான் தறியில் இப்படியும் அப்படியும் ஓட்டுவார்கள். ஒரு தார் தீர்ந்ததும் அவன் பார்க்காமலே கையை நீட்டினான். அவளும் பார்க்காமலே அடுத்ததை வைத்தாள்.

பழனிவேலுக்கு நெசவு என்று எழுதிவிட்டு, “அவங்க என்ன வேலை பாக்குறாங்க?” என்றேன்.

“அதுக்கென்ன வேலை சார்? வூட்டு வேலைதான்.”

எழுதினேன். ராட்டை நின்றது.

“சார், நான் இப்ப என்ன செஞ்சிகிட்டிருக்கேன்?” என்றாள் உண்ணாமலை.

“நூல் சுத்திகிட்டிருக்கீங்க.”

“அது வேலை இல்லியா?”

“வூட்டுக்காரர் சொல்றதைத்தாம்மா நான் எழுத முடியும்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

தமிழில் இந்தச் சுற்றுகிற சொல்லுக்கே மரியாதை குறைவு. வேலைவெட்டி இல்லாதவன் ஊர் சுற்றுகிறான். ஏமாற்றுகிறவன் காதில் பூச்சுற்றுகிறான். நேராகப் பேசத் தெரியாதவன் சுற்றி வளைக்கிறான். நல்லவிதமாகப் போனால் கோயிலைச் சுற்றலாம், பிள்ளைக்குக் கண்ணேறு கழியச் சுற்றிப் போடலாம். அதற்கும் யாரும் கூலி தருவதில்லை. அதனால் நூல் சுற்றுவதை ஒரு வேலையாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என்மேல்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

மார்ச் முதல் வாரம், இடையில் பிறப்பு இறப்பு உண்டா என்று சரிபார்க்க மறுபடி அதே தெருவுக்குப் போனேன். பழனிவேல் வீட்டில் மட்டும் தறிச் சத்தம் இல்லை. யாராவது செத்துவிட்டார்களோ என்று பயந்துபோய் எதிர்வீட்டு அம்மாக்கண்ணுவைக் கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நீங்க போன அன்னைலேருந்து அவ ராட்டையைத் தொடலை சார். சோறு ஆக்குறா, தண்ணி எடுக்குறா, புள்ளையக் குளிப்பாட்டுறா. பேப்பர்ல எழுதினபடி வூட்டு வேலை மட்டுந்தான் பாப்பேங்குறா.”

பழனிவேல் நாலு வீட்டில் போய்க் கெஞ்சியிருக்கிறான். அந்தந்த வீட்டுப் பெண்களுக்கு அந்தந்த வீட்டுத் தறிக்குச் சுற்றவே நேரம் போதவில்லை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தானே ராட்டையில் உட்கார்ந்திருக்கிறான். அந்தத் தெருவில் ஆண்பிள்ளை தார் சுற்றுவது வெளியே தெரிந்தால் டீக்கடையில் ஒரு வருஷத்துக்கு அதே பேச்சாக இருக்கும். தொளதொளவென்று சுற்றியது நாடாவுக்குள் மொத்தமாகச் சரிந்து சிக்கிக்கொண்டது. இறுக்கிச் சுற்றியது படக்கென்று அறுந்தது.

“இத்தனை நாள்ல நாலு வெரல் நீளந்தான் நெய்ஞ்சிருக்காரு சார். வேட்டிங்குறாரு. மூக்குத் தொடைக்கத்தான் ஆவும்” என்றாள் அம்மாக்கண்ணு.

உள்ளே போனேன். பழனிவேலைச் சுற்றி ஒரே சிக்கு நூல். ஷேவ் பண்ணிப் பல நாள் ஆகியிருக்கும்.

“உங்களால வந்த வம்பு சார்” என்றான்.

“நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்?”

“நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீங்க படிச்சவுங்க, கண்ணால பாத்தீங்கல்ல?”

உண்ணாமலை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு, “ரெண்டு பேரும் நல்லா சண்டை போட்டுக்கங்க, எனக்கு உலை கொதிக்குது” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நூலைச் சுற்றுவது என்ன பெரிய வித்தையா என்று நானே ராட்டையின் முன்னால் உட்கார்ந்தேன். வலது கை சக்கரத்தைத் தள்ள வேண்டும், இடது கை நூலைக் கூட்டிக் குறைத்து விட வேண்டும். என் வலது கை நின்றால்தான் இடது கை நகர்ந்தது. நாலாவது சுற்றில் நூல் குச்சியை விட்டுவிட்டு என் ஆட்காட்டி விரலைச் சுற்றிக்கொண்டது. விரல் நீலமாகிற வரை இழுத்தேன். உண்ணாமலை முறத்தை வைத்துவிட்டு வந்து, சிரிக்காமல் அவிழ்த்துவிட்டாள். சிரித்திருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

“எழுதிடுங்க சார். வேலைதான்” என்றான் பழனிவேல், தறிக்குழியைப் பார்த்துக்கொண்டே.

எழுதியதை அடித்தால் மேலதிகாரி கேள்வி கேட்பார். கேட்கட்டும் என்று அடித்துவிட்டு எழுதினேன்.

அவள் அதற்குள் ராட்டைக்கு வந்துவிட்டாள். பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரி நூல் சிட்டத்தை ஒருமுறை தடவிவிட்டு, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு தார் சுற்றி அவன் பக்கம் நீட்டினாள். அவன் இந்த முறை திரும்பி அவள் முகத்தைப் பார்த்து வாங்கினான். தறி அடிக்க ஆரம்பித்தது.

“என்ன எழுதினீங்க, படிங்க சார்” என்றாள் உண்ணாமலை.

“உண்ணாமலை. கைத்தறி நெசவு. தார் சுற்றும் வேலை.”

“தறிச் சத்தத்துல கேக்கலை சார்.”

மறுபடி படித்தேன். அவளுக்குக் கேட்டிருக்கும் என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. கண் நிறைந்திருந்தது. ஆனாலும், “இன்னுங் கொஞ்சம் சத்தமா” என்றாள். எனக்கும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் கூப்பிடுகிற குரலில், தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி, உண்ணாமலை, கைத்தறி நெசவு, தார் சுற்றும் வேலை என்று படித்தேன்.

எதிர்வீட்டுத் தறி நின்றது. கொஞ்ச நேரத்தில் அதற்கடுத்த வீட்டுத் தறியும் நின்றது. அப்புறம் வரிசையாக நின்றுகொண்டே போய், பழனிவேல் தறியைத் தவிரத் தெருவே அமைதியாகிவிட்டது. வாசலில் நிழல் விழுந்தது. திரும்பினால், அம்மாக்கண்ணு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள்.

“சார், எங்க வூட்டுப் பேப்பரைக் கொஞ்சம் எடுங்க” என்றாள்.