அளவுக்கம்பு

செத்துக் கிடந்த அழகனின் தலையிலிருந்து குதிகால்வரை கம்பை வைத்துப் பார்த்து, மிஞ்சிய நுனியைக் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் தறித்தான் சோலைமலை. குழி வெட்டுகிறவர்களுக்கு அந்தக் கம்புதான் அளவு. அடக்கத்தின்போது அதுவும் குழிக்குள் போய்விடும். எழுந்தவன் அதைத் தன் உடம்போடு நிறுத்திப் பார்த்தான்.

“மச்சானுக்கும் எனக்கும் ஒரே அளவுதான். அகலமாவே வெட்டிருங்கப்பா, இன்னொருக்கா வெட்டுற வேல மிச்சம்.”

“ஒனக்குன்னா ரெண்டு போத்தல் சாராயம் கூடக் கேப்போம்ல,” என்றான் குழி வெட்டும் மூக்கன். லயத்து வீட்டு வாசலில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள்.

தம்பி அழகனின் காலடியில் இருந்த ராக்காயி சிரிக்கவில்லை. போன வாரம் இதே வாசலில், அவள் புருஷன் சோலைமலையோடு குடித்துவிட்டு, “திங்கக்கெழம பெரட்டுல எம்பேரக் கூப்புடாதீங்க கங்காணி,” என்றான் அழகன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு மட்டம் போடுகிறவனின் பகடி என்று எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். திங்கட்கிழமை அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்துபோய்ப் புருஷன் கையிலிருந்த கத்தியை வாங்கிப் பக்கத்து லயக் காம்பிராவில் குடியிருந்த இசபெலிடம் நீட்டினாள்.

“நாங் கேக்குற வரைக்கும் ஒங்க வீட்டுலயே இருக்கட்டும் அக்கா.”

இசபெல் அவள் முகத்தைப் பார்த்தாள். கத்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

பிறகு ராக்காயி சோலைமலையை அடுப்படிக்குக் கூட்டிப் போனாள்.

“ஏங்க, அவன் போன வழியிலேயே போயிறலாம்னு நெனைக்கிறீங்களா?”

அவன் சிரிக்கப் பார்த்தான். கூடச் சிரிக்க அங்கே ஆளில்லை.

“அவனுக்கு ஊத்திக் குடுத்துப் பழக்குனது நாந்தான் புள்ள. குடிச்சாத் தூங்குறேன். முழிச்சா அந்த நெனப்புத்தான்.”

“சொன்னீங்கல்ல, அது போதும். அடக்கம் முடிஞ்ச கையோட டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் கூடவே இருப்பேன்.”

“எழவுக்குப் போயிட்டுக் குளிக்காமயா?”

“குளிக்கிற எடத்துலதான் போத்தலோட நிப்பாங்க.”

பாடை புறப்பட்டதும், பெண்கள் திரும்பவேண்டிய லயக்கோடியில் அவள் திரும்பவில்லை. யாரோ அதட்டினார்கள், பாடையின் பின்னால் அவன் பக்கத்திலேயே நடந்தாள். கம்பைக் குழிக்குள் போடச் சொன்னபோது சோலைமலை அதை விடாமல் நின்றான். ராக்காயி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

ஆண்கள் குளிக்கத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு இறங்கினார்கள். மூக்கன் அங்கிருந்து போத்தலை உயர்த்திக் காட்டினான். சோலைமலையின் கால் தயங்கியது. அவன் கையை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

டிக்கோயா ரோட்டில் இருவர் கால்களிலிருந்தும் குழிமண் உதிர்ந்துகொண்டே போனது.