எட்டாம் அறையில் ஒரு பெயர்

வாருங்கள், வாசகர்களே! விஸ்வநத்தம் சாலையிலுள்ள ஒரு பட்டாசு ஆலையின் அலுவலகத் திரையை வந்து பாருங்கள். ஏழாம் அறை வெடித்துச் சரிந்து புகைகிறது. ஆனால், காலையிலிருந்தே பூட்டிக் கிடக்கும் எட்டாம் அறைக்குள் ஒருத்தி இருப்பதாகத் திரை சொல்கிறது: அய்யம்மாள்.

அந்தத் திரையை இயக்கும் கணினி நிரலை ‘சி’ மொழியில் எழுதியவள் பானுப்பிரியா. ஆமத்தூரில் அய்யம்மாளுக்குப் பக்கத்து வீடு. அறை வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்தால், தொழிலாளியின் பெயர் கணினி நினைவகத்தில் அந்த அறைக்கான இடத்தில் நகலாகும். அறைக்கு நான்கு பேர் என்பது சட்டம். நான்கு பெயருக்கே இடம் ஒதுக்கினாள். ஐந்தாவது பெயரைத் தடுக்க ஒரு வரி எழுதவில்லை. சட்டத்தை நம்பினாள்!

“ஏத்தா பானு, உம் பொட்டிக்குள்ள எனக்கும் ஒரு எடம் இருக்கா?” என்று காலையில்தான் அய்யம்மாள் சிரித்துவிட்டுப் போனாள். தீபாவளி ஆர்டர் நெருக்கிய நாள்.

மாலையில் நான்கு உடல்கள் கிடைத்தன. திரையும் ஏழாம் அறையில் நான்கு பேர் என்றது. தேடுதலை நிறுத்தினார்கள்.

“எட்டுல இருந்தவ வெடிச்சதும் எங்கனயாச்சும் ஓடிருப்பா,” என்றார் மேலாளர் அழகுராஜா.

“எம் பொஞ்சாதி ஓடுற ஆளா சார்?” என்றான் முத்துக்கருப்பன். “சண்டைன்னாலே எம் முன்னால நின்னுதான் போடுவா.”

பானுப்பிரியா தன் நிரலைத் திறந்து பார்த்தாள். நகலெடுக்கும் கட்டளைக்குக் கண் கிடையாது; சொன்ன அளவைக் கொட்டும், எல்லையைப் பார்க்காது. ஏழாம் அறையின் இடம் நிறைந்ததும், ஐந்தாவது பெயர் வழிந்து அடுத்த அறையின் இடத்தில் விழுந்திருக்கிறது.

“சார், அக்கா ஏழுலதான் கெடக்காக. அஞ்சாவது ஆள உள்ள விட்டிருக்கீக. தோண்டச் சொல்லுங்க!”

“கத்தாதம்மா. அந்தப் பேர அழிச்சிரு. வேலையில இருக்கணும்ல?”

அவள் அழிக்கவில்லை. வாசலுக்கு ஓடி, கூடியிருந்தவர்களிடம் உரக்கச் சொன்னாள். அவர்கள் கடப்பாரையோடு உள்ளே புகுந்தார்கள். சரிந்த சுவருக்கடியில் அய்யம்மாள் கிடந்தாள், கழுத்தில் பாதி உருகிய அட்டையோடு.

பானுப்பிரியாவை அன்றே வெளியேற்றினார்கள். திரையில் மட்டும் அந்தப் பெயர் போகவில்லை. அறையை விட்டு வெளியேறும்போதும் அட்டையைத் தேய்த்தால்தானே பெயர் நீங்கும்? அய்யம்மாள் இனித் தேய்க்கப்போவதில்லை. கண்ணை மூடினால் பானுப்பிரியாவுக்கு அதே குரல்: எனக்கும் ஒரு எடம் இருக்கா?

திரையை நம்பாதீர்கள், தோழர்களே! உங்கள் ஊர் ஆலைக்குள் நுழையுங்கள். அறை அறையாய்த் தலைகளை எண்ணுங்கள். ஐந்தாவது ஆள் உயிரோடு வெளியே வரும்வரை வாசலை விட்டு நகராதீர்கள்!