மூடிட்டுப் போங்க

அவள் புத்தகத்தைப் படித்துத் தமிழ் கற்றவள். சோப்புத் தொழிற்சாலையின் பேக்கிங் கூடத்தில் புது மெஷினைப் பொருத்தி ஓடவைக்க, அந்த மெஷினைச் செய்த கம்பெனி அவளைக் கடல் தாண்டி மூன்று மாதத்துக்கு அனுப்பியிருந்தது. முதல் நாள் காலை, நீலச் சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, பேக்கிங் பெண்கள் முன்னால் வந்து நின்றாள்.

"அனைவருக்கும் வணக்கம். இயந்திரம் இன்று இயங்காது. நாளையும் இயங்காது. தங்களின் ஒத்துழைப்பை எதிர்நோக்குகிறேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அடுத்து வானிலை அறிக்கை" என்றது. கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் நியூஸ்.

பெயர்க் காரணம் தெரிந்தபோது நியூஸுக்குக் கோபம் வரவில்லை. அவள் கவலை வேறு. தான் பேசுவது எல்லாருக்கும் புரிகிறது. எல்லாரும் பேசுவது தனக்குப் புரியவில்லை. மேனேஜர், "மொழிபெயர்க்க ஆள் போட்டுத் தர்றேன் மேடம்" என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் வேண்டாம் என்றுவிட்டாள். மெஷினோடு வேலை பார்க்கிறவர்களிடம் நேராகப் பேச முடியாவிட்டால் தான் இங்கே வந்ததற்கே அர்த்தமில்லை என்பது அவள் எண்ணம். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டாள். காதில் விழுவதையெல்லாம் எழுதினாள்.

அவள் பட்ட பாடு கொஞ்சமா?

ஒரு நாள் பேக்கிங் பெண்களுக்குத் தலைவியாக இருந்த லீடரக்கா மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து, "அப்பாடா, ஒரு மணி நேரமா கழுத்தறுத்துட்டார்" என்று நாற்காலியில் சாய்ந்தார். நியூஸ் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, "காயம் எங்கே?" என்று அக்காவின் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஃபிட்டர், "காலையிலயே பெரிய பல்பு வாங்கிட்டேன் மேடம்" என்றான். ஸ்டோர் கீப்பரிடம் போய் வீராப்பாகப் பேசி அசடு வழிந்துவிட்டு வந்த கதை அது. நியூஸ் பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்து தேதி போட்டாள். "எத்தனை வாட்?" என்று கேட்டாள்.

"ஸ்டோர்ல அவனை எல்லாரும் சேர்ந்து ஓட்டிட்டாங்க மேடம்" என்றார் லீடரக்கா.

"பயிற்சி பெறாதவர்கள் எதையும் ஓட்டக் கூடாது" என்றாள் நியூஸ், கண்டிப்பாக.

ஒவ்வொரு தடவையும் கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருப்பாள். பிறகு, "சரி, இப்போது அர்த்தம் சொல்லுங்கள்" என்று நோட்டை நீட்டுவாள். தப்பாகப் பேசிவிடுவோமோ என்று வாயைக் கட்டிக்கொள்கிற ஜாதி அவள் இல்லை. பார்க்கப் பார்க்கப் பெண்களுக்கே அவள் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. 'மேடம்' போய் 'வாம்மா' ஆயிற்று. லீடரக்காவோ சீக்கிரமே 'நீ'க்கு வந்துவிட்டார்.

மெஷின் ஓடத் தொடங்கியது. தட்டையான அட்டையை உறிஞ்சி எடுத்து, பெட்டியாக விரித்து, சோப்பை உள்ளே தள்ளி, பசை தடவி ஒட்டும். நிமிடத்துக்கு நூற்றிருபது பெட்டி. முன்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கதவு. கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். அப்படித்தான் அவள் பொருத்தியிருந்தாள். ஆனால் மேனேஜர் மலிவாக வாங்கிய அட்டை மெலிசாக இருந்ததால் அடிக்கடி சிக்கியது. ஒவ்வொரு சிக்கலுக்கும் கதவைத் திறந்து, எடுத்து, மூடி, மறுபடி ஓடவிட இரண்டு நிமிடம். மேனேஜருக்கு அந்த இரண்டு நிமிடம் பொறுக்கவில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த நியூஸ், கதவு திறந்தபடியே மெஷின் ஓடுவதைப் பார்த்தாள். கதவு மூடியிருப்பதாக மெஷினை நம்பவைக்க, சென்சாரின் மேல் ஒரு காந்தத்தை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஓடுகிற மெஷினுக்குள் கையை விட்டு ஒரு பெண் சிக்கிய அட்டையை உருவிக்கொண்டிருந்தாள்.

நியூஸ் நேராக மேனேஜரிடம் போனாள். "பாத்துக்கலாம் மேடம்" என்றார் அவர். 'மேலாளர் கவனித்துக்கொள்வதாக உறுதியளித்தார்' என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். மறுநாளும் கதவு திறந்தே இருந்தது. மறுபடி போனாள். மறுபடி "பாத்துக்கலாம்". ஒரு வாரத்தில் நோட்டில் நான்கு உறுதிமொழிகள் சேர்ந்துவிட்டன. லீடரக்காவிடம் காட்டினாள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அட லூசு, பாத்துக்கலாம்னா பாக்கவே மாட்டார்னு அர்த்தம்." பிறகு தன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கையுறையை எடுத்துப் போட்டார். ஆள்காட்டி விரல் இருக்கிற இடம் நார்நாராகக் கிழிந்திருந்தது. "முந்தாநாள். நல்ல வேளை, கைய இழுத்துட்டா."

நியூஸ் அந்தக் கையுறைக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தாள். நகம் வெளியே தெரிந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில்தான் அந்தச் சொல் அவளிடம் மாட்டியது. ஸ்டோர் ரூம் வாசலில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் லீடரக்கா, "நீ மூடிட்டுப் போ" என்றார். அவளும் சிரித்துக்கொண்டே ஸ்டோர் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நியூஸ் ஃபிட்டரிடம் விளக்கம் கேட்டாள். அவன் ஸ்பேனரைத் துடைத்தபடி, "மூடிட்டுப் போன்னா மூடிட்டுப் போறதுதான் மேடம்" என்றான்.

"பெரியவர்களிடம் மரியாதையாகச் சொல்ல?"

"ஒரு 'ங்க' சேத்துக்கோங்க."

இரண்டு நாள் கழித்து மேனேஜர், சோப்பு வாங்க வந்திருந்த வியாபாரிகள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். மெஷின் பக்கத்தில் நின்று, தானே அதைப் பெற்று வளர்த்த மாதிரிப் பேசினார். நன்றாகத் தெரியட்டும் என்று கதவைத் தன் கையாலேயே அகலத் திறந்துவைத்தார். பேசி முடித்து அப்படியே நகர்ந்தார்.

நியூஸ் மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து, சத்தத்தை மீறிக் கேட்கவேண்டுமே என்று, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"சார்! மூடிட்டுப் போங்க!"

அறுபது பெண்களும் சட்டென்று மெஷின் பக்கம் திரும்பினார்கள். பிறகு யாரோ பொத்திவைத்த சிரிப்பு பீறிட்டது. வியாபாரிகளில் ஒருவர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேனேஜரின் முகம் சிவந்து, கறுத்து, வெளுத்தது. நியூஸ் அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் உரக்க, இன்னும் மரியாதையாக, இன்னொரு தடவை சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்தது. இனி கூடத்தில் அவள் தமிழ் பேசக் கூடாது. மொழிபெயர்ப்புக்கு ஆள் வரும். திங்கட்கிழமை காலை எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஃபிட்டர் பேயறைந்தவன்போல் வந்து நின்று, "நான் வேணும்னு சொல்லல மேடம்" என்றான். லீடரக்கா அந்தச் சொல்லின் முழு அர்த்தத்தையும் விளக்கினார். எதை மூடச் சொல்வது, ஏன் 'ங்க' போட்டால் இன்னும் மோசம் என்பது உட்பட.

நியூஸ் நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"ஒரு சாரி சொல்லிட்டா வேலை முடிஞ்சுதும்மா" என்றார் அக்கா.

"முடியாது. கதவு?" என்றாள் நியூஸ்.

திங்கட்கிழமை மேனேஜர் தன் மச்சினனை மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டிவந்தார். கூடம் முழுக்க வரிசையில் நின்றது. நியூஸ் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவள்போல் தன் மொழியிலேயே பேசினாள்: சென்சாரில் காந்தம் ஒட்டியிருக்கிறார்கள், ஒருத்தியின் விரல் போக இருந்தது, இது தொடர்ந்தால் மெஷின் சரியாக ஓடுகிறது என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

மச்சினன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மேடம் ரொம்ப வருத்தப்படுறாங்க. மெஷின் நல்லா இருக்காம். கதவு விஷயத்துல சின்னதா ஒரு யோசனை இருக்காம், அதை அப்புறம்..."

"காது குத்தாதீங்க தம்பி" என்றாள் நியூஸ் தமிழில். தன் தோட்டைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு ஏற்கனவே குத்தியாச்சு."

கூடம் வெடித்தது. மேனேஜர், "தமிழ் பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்று கத்தினார்.

"பேசுவேன்." அவள் பையிலிருந்து கையுறையை எடுத்து, கிழிந்த விரல் எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். "அன்றைக்கு நான் கதவைத்தான் சொன்னேன் சார். இன்னொரு அர்த்தம் இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ரெண்டையும் வாபஸ் வாங்க மாட்டேன்."

மேனேஜர் பெண்கள் பக்கம் திரும்பி, "போங்க, போய் வேலையைப் பாருங்க" என்றார். யாரும் அசையவில்லை. லீடரக்கா ஓரடி முன்னால் வந்தார்.

"கதவு திறந்திருந்தா எங்க கை உள்ள போகாது சார்."

வாசலில் சோப்பு ஏற்றிப்போக லாரி வந்து நின்றிருந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். மச்சினனை, ஏதோ எல்லாவற்றுக்கும் அவனே காரணம் என்பதுபோல முறைத்தார். விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டார். நியூஸ் டேப்பைக் கிழித்துக் காந்தத்தைப் பிடுங்கினாள். கதவை மூடினாள். மெஷின் ஓடியது.

அன்று பெட்டிகளின் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. அவள் நான்கு நாள் மெஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்தாள். உறிஞ்சும் ரப்பரை மாற்றி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, மெலிசான அட்டைக்குத் தக்கபடி ஒவ்வொன்றாகத் திருகினாள். சிக்கல் குறைந்தது. பழைய எண்ணிக்கை முழுசாக வரவில்லை, அதற்குப் பக்கத்தில் வந்தது. மன்னிப்பு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளனும் மறுநாள் வரவில்லை.

பத்து நாள் கழித்து லீடரக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார். ஆபீஸில் தட்டச்சு செய்கிற பெண் சொன்ன செய்தி.

"ஏய், மேனேஜர் உன்னைப் பத்தி உங்க கம்பெனியில போட்டுக் கொடுத்துட்டார்!"

நியூஸ் மெஷினுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். முகமெல்லாம் கிரீஸ்.

"என்ன போட்டுக் கொடுத்தார்? டீயா?"

அக்காவுக்கு இருந்த பதற்றத்திலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்து, மூன்று பக்கக் கடிதம், அவள் மரியாதை தெரியாதவள், பெண்களைத் தூண்டிவிடுகிறவள் என்று எழுதியிருக்கிறார், வேலைக்கே உலை வைக்கும் கடிதம் என்று விளக்கினார். நியூஸ் படுத்தபடியே முழுவதையும் கேட்டாள். பையிலிருந்து நோட்டை எடுத்து, கிரீஸ் விரலால் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டாள்.

"கொடுக்கட்டும்" என்றாள். "பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுங்கக்கா."