நூறாவது அடி

எங்கள் பக்கத்தில் வெற்றுத் தரை நூறில் முப்பதைத் தாண்டினால் மேய்ச்சல் காடு எழுந்து வேறு ஊருக்குப் போய்விடும். அளப்பது என் வேலை. காட்டின் குறுக்கே நேராக நூறு அடி வைப்பேன். ஒவ்வோர் அடியிலும் செருப்பு நுனியில் என்ன இருக்கிறதென்று குறிப்பேன். புல், சருகு, சாணம், கல் எதுவானாலும் மூடிய தரை. மண் மட்டும் தெரிந்தால் வெற்றுத் தரை. பொய் சொன்னால் பேனா எழுதாது.

தெய்வாத்தாளின் காட்டுக்குப் போனது சித்திரையில். அவள் தனி ஆள். ஒன்பது மாடுகள், அதில் ஒன்று நிறைசினை. மழை பெய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் போனபோதே வேலமரங்கள் வேரை உருவி மண்ணை உதறிக்கொண்டிருந்தன.

“அளந்து முடியட்டும், பொறுங்கன்னேன். கேக்க மாட்டேங்குதுங்க தம்பி” என்றாள்.

எண்பதாவது அடியில் வெற்றுத் தரை இருபத்தைந்து. தொண்ணூறில் இருபத்தெட்டு. தொண்ணூற்றாறில் முப்பது. அடுத்தது சாணம். அதற்கடுத்தது காய்ந்த கொழுக்கட்டைப்புல். தொண்ணூற்றொன்பது, கல். மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தன. காட்டுப் புல் முழுவதும் மேற்கே சாய்ந்து, கிளம்பத் தயாராக நின்றது.

நூறாவது அடிக்குக் காலைத் தூக்கினேன். கீழே வெறும் செம்மண். வழியை மாற்றக் கூடாது.

“எவ்வளவு நேரம் ஒத்தைக் கால்ல நிப்பீங்க?”

“தெரியலீங்க அக்கா.”

தொடை நடுங்கத் தொடங்கியது. தெய்வாத்தாள் குனிந்து உள்ளங்கையை மண்மேல் விரித்து வைத்தாள்.

“இப்ப வையுங்க.”

“மிதிச்சிருவேனுங்க.”

“மிதிங்க. மண்ணு தெரியுதா?”

தெரியவில்லை. வைத்தேன். மூடிய தரை என்று குறித்தேன். பேனா எழுதியது. புல் நிமிர்ந்தது. மரங்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் குழியில் இறங்கின.

மழை வரும்வரை அவள் கையை எடுக்க முடியாது. நான் தினமும் சோறு கொண்டுபோய் ஊட்டினேன். நாலாம் நாள் சினைமாடு அவள் பக்கத்தில் வந்து படுத்தது. மற்றொரு கையால் கன்றை இழுத்துப் போட்டாள். பதினோராம் நாள் மழை கொட்டியது. அவள் கையை எடுத்தபோது விரல் இடுக்குகளில் பச்சை முளைத்திருந்தது. அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் காலையில் காட்டு வாசலின் முள்படலுக்கு வெளியே சிறு குன்று ஒன்று நின்றது. அதன்மேல் நான்கு ஆடுகளும் ஒரு செல்போன் கோபுரமும் இருந்தன. இங்கே தங்கிக்கொள்ளலாமா என்று குன்று கேட்டது.

தெய்வாத்தாள் படலைத் திறந்தாள்.

“கன்னுக்குட்டி படுத்திருக்குது. பாத்து வாங்க.”