செவலையின் உடைந்த பல்

மேலே விரிந்திருக்கும் நீல வானத்தின் மீது ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் இனி நான் ஏறும் குதிரையெல்லாம் என்னை நடுவழியில் தள்ளிவிட்டுத் தனியாக வீடு போய்ச் சேரட்டும்.

எங்கள் புல்வெளியில் மந்தை மேய்க்கும் தன்சானின் செவலைக் குதிரை ஒரு கொடும் பனிக்காலத்தில் செத்தது. புயல் ஓயாமல் அடித்தபோது குதிரை மந்தை முழுவதும் காற்றுக்கு முதுகைக் காட்டியபடியே நடந்து போய்த் தெற்குப் பள்ளத்தில் விழுந்தது. அக்கம்பக்கத்து மந்தைகளும் அங்கேதான் போய் விழுந்தன. பனி இளகி மனிதர்கள் கிட்டே போக முடிந்தபோது, ஓநாய்களும் கழுகுகளும் தங்கள் வேலையை முடித்துவிட்டிருந்தன.

செவலை சாதாரணக் குதிரையல்ல. நல்ல உயரமான ஆண்குதிரை. ஒரு வசந்தத்தில் மண்புயல் வந்து தன்சானின் கூடாரத்தை அப்படியே தூக்கியது. உள்ளே அவன் மனைவி ஹந்த்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கூடாரம் பட்டம்போல மேலே ஏற, வெளியே கட்டியிருந்த செவலை பாய்ந்து கூரைக் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு நாலு காலையும் ஊன்றி நின்றது. ஹந்த்மா ஆகாயத்திலேயே மாவை உருட்டி, வெட்டி, கறியோடு கொதிக்கவைத்து இறக்கினாள். காற்று தணிந்ததும் செவலை கயிற்றை மென்று மென்று உள்ளிழுத்துக் கூடாரத்தைப் பழைய இடத்திலேயே இறக்கியது. வாசல் தெற்குப் பார்த்தே இருந்தது. அண்டாவிலிருந்த தேநீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கூடாரம் ஒரு சாண் மேற்கே தள்ளி உட்கார்ந்துவிட்டதாக ஹந்த்மா குறை சொன்னாள், அது வேறு. சேதம் என்று பார்த்தால், செவலையின் மேல்வரிசை முன்பல் ஒன்று மூலை உடைந்தது. அவ்வளவுதான்.

அந்த நாளிலிருந்து தேநீரின் முதல் கரண்டி செவலைக்குத்தான். தன்சானுக்கு இரண்டாவது.

இப்போது பனிக்காலத்துக்குக் கூடாரம் போட்ட இடத்தில் புல் தீர்ந்துவிட்டது. பிழைத்த ஆடுகள் நிற்கத் தெம்பில்லாமல் நின்றன. பக்கத்துக் கூடாரத்துப் பெல்ஜே லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஹந்த்மா அடுப்படியை விட்டு எழவில்லை.

"அண்ணி, ஏறுங்க. ஆடு ஒன்னோட மயிரை ஒன்னு கடிச்சுத் தின்னுது. இன்னைக்குக் கெளம்பலேன்னா இதுவும் மிஞ்சாது."

"செவலையோட தலை தரையில கெடக்குதுடா. நாய் தாண்டும், நரி தாண்டும். அதைக் குன்று மேல சாமிக் கல்லுக் குவியல்ல வைக்காம நான் இங்கேருந்து அசையமாட்டேன்."

"அந்தப் பள்ளம் பூரா தலையாத்தான் கெடக்கு. எது செவலை, எது கறுப்பு, எது சாம்பல்னு எவன் கண்டான்?"

"பல்லு இருக்கில்ல? என் கூடாரத்தப் புடிச்ச பல்லு!" அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ் கிழவா, கூடாரம் பறந்தப்ப நீ எங்க இருந்த?"

"பெல்ஜேயோட அப்பன் கூடாரத்துல."

"என்ன செஞ்சுக்கிட்டு?"

"பேசிக்கிட்டு."

"பேசிக்கிட்டா! புளிச்ச குதிரைப்பாலைக் குடிச்சுப் போதையில வாயே தெறக்க முடியாம கெடந்த. அவன்தான் இருந்தான் எனக்கு. இப்பவாவது எந்திரிச்சுப் போ."

தன்சான் எழுந்தான். ஓநாய் வந்தால் ஒரு போடு போடலாமென்று, கூடார முளை அடிக்கும் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டான். ஹந்த்மா வாசலில் நின்று போன காரியம் கைகூட வேண்டி, அவன் போன திசையில் ஒரு கரண்டி பால் தெளித்தாள். ஆடுகளுக்கே பால் வற்றிப்போயிருந்த காலம் அது.

எங்கள் பக்கம் குதிரைக்குப் பெயர் வைப்பதில்லை. நிறம்தான் பெயர். பள்ளத்தில் எலும்பெல்லாம் ஒரே வெள்ளையாகக் கிடந்தது. செவலை, கறுப்பு, சாம்பல் என்று மயிர்க்கற்றைகள் மட்டும் ஒன்றோடொன்று சிக்கி, காற்றில் தனியே உருண்டுகொண்டிருந்தன. தன்சான் "செவலை" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு தலையாகப் புரட்டினான். முழுப்பல். முழுப்பல். இதுவும் முழுப்பல். சிலவற்றில் மூக்கெலும்பே இல்லை, ஓநாய்கள் கடித்துத் தின்றிருந்தன. மேலே லாரியின் ஹாரன் ஒலித்தது. பெல்ஜே பொறுமை இழந்துகொண்டிருந்தான். ஆடுகள் கத்துவதுகூடக் கேட்கவில்லை, கத்த அவற்றுக்குத் தெம்பில்லை. தன்சான் ஒரு தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அழுதானா என்றால், அழுதான். கண்ணில் மண் விழுந்தது என்று பெல்ஜேயிடம் சொன்னதெல்லாம் பிற்பாடு.

பொழுது சாய்வதற்குள் தலையோடு மேலேறி வந்தான். மேல்வரிசை முன்பல் ஒன்று மூலை உடைந்திருந்தது.

"ஓநாய் வந்துச்சா அண்ணே?" என்று கேட்டான் பெல்ஜே.

"வரல."

ஹந்த்மா அந்தத் தலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உடைந்த பல்லைக் கட்டைவிரலால் தடவினாள். விரல் அதைத் தாண்டிப் பின்னால் போய், வெறும் தாடையில் ஓரிடத்தில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுத்தியல்ல என்னய்யா வெள்ளையா ஒட்டியிருக்கு?"

"பனி."

"போய் சூடா ஒரு வாய் தேநீர் குடி. முதல் கரண்டி உனக்குத்தான்." பிறகு பெல்ஜேக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "அவன்தான். எனக்குத் தெரியாதா?"

மூவரும் குன்றேறினார்கள். கற்குவியலின் உச்சியில் ஹந்த்மா தலையை வைத்து, கண்குழிகளின் வழியே நீலப் பட்டுத்துணியைக் கோத்துக் கட்டினாள். மிச்சமிருந்த பாலைத் தெளித்தாள். இறங்கி வந்து லாரியில் ஏறியவள் திரும்பிப் பார்க்கவில்லை. புது இடம் போய்ச் சேரும்வரை அவள் கை தன்சானின் சட்டைக் கையைப் பிடித்தபடியே இருந்தது.

கூடாரம் பறந்த கதையை நம்பாதவர்கள் அந்தக் குன்றேறிப் பார்க்கலாம். உடைந்த பல் இன்றைக்கும் அங்கே சாட்சிக்கு இருக்கிறது.

ஆண்குதிரைக்கு முன்பல் வரிசைக்குப் பின்னால் கோரைப்பல் இருக்கும், பெட்டைக்குப் பெரும்பாலும் இருக்காது. அந்தத் தலையில் அது இருந்த தடம்கூட இல்லை.